பொருந்துவதெல்லாம் பொருத்தமன்று

நவராத்திரி நெருங்குகிறது. நம் சங்கத்து மண்டபத்தில் கொலுப்படி கட்டுவதற்கு முன்பே ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. அன்பர்கள் சிலர் நம்மைக் கண்டு, "இவ்வாண்டு பாட்டுகளை மிக்ஸரிலிருந்தே நேராகப் பதிவு செய்துகொள்ள விரும்புகிறோம், அதற்கு எந்தக் கேபிள் வாங்கவேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரே வரியில் விடை சொல்லிவிடக்கூடிய கேள்வியாக இது தோன்றும். சென்ற ஆண்டு நாமும் அப்படித்தான் எண்ணினோம். அவ்வெண்ணத்தால் விளைந்ததை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கேபிளுக்கு வருவோம்.

சென்ற நவராத்திரியின் ஆறாம் நாள் மாலையில், நம் சங்கத்தின் மூத்த உறுப்பினராகிய பாட்டியார் ஒருவர் மேடையேறிப் பாடினார். வயது எண்பத்திரண்டு. குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, மணமாகி, ஹௌரா மெயிலில் இந்நகருக்கு வந்தவர். அறுபது ஆண்டுகளாக லேக் மார்க்கெட்டை அடுத்த ஒரே வீட்டில் குடியிருந்தவர். அவர் கச்சேரி வித்துவான் அல்லர். ஆயினும் நம் குடும்பங்களின் திருமணங்களில், அவர் குரலின்றி நலங்கும் ஊஞ்சலும் நடந்தது மிக அரிது. அன்று அவர் ஐந்து பாட்டுகள் பாடினார். முதலாவது, அவருடைய பாட்டி அவருக்குப் பாடிய தாலாட்டு. பாடத் தொடங்குமுன் நம் பக்கம் திரும்பி, "இது எந்தப் புத்தகத்திலும் இல்லையப்பா; எனக்குப் பின்னால் பாட ஆளில்லை. சரியாகப் பிடித்து வைத்துக்கொள்" என்றார்.

பிடித்து வைக்கும் ஏற்பாட்டுடன்தான் நாமும் அமர்ந்திருந்தோம். கையளவே உள்ள பதிவுக்கருவி ஒன்று நம்மிடம் இருந்தது. மிக்ஸரின் பின்புறத்தில் பெரிய துளை. பதிவுக்கருவியில் சிறிய துளை. ஒரு முனையில் பெரிய பின்னும் மறுமுனையில் சிறிய பின்னும் உள்ள கேபிளை முந்தின நாளே சாந்தினியில் வாங்கி வந்திருந்தோம். இரு முனைகளும் இறுக்கமாகப் பொருந்தின. பாட்டுத் தொடங்கியதும் கருவியின் திரையில் இடமும் வலமுமாக இரண்டு கோடுகள் ஒன்றுபோல் எழுந்து தாழ்ந்தன. காரியம் முடிந்தது என்று எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டு பாட்டில் ஆழ்ந்தோம். கண் திறந்தபோது தாலாட்டு முடிந்திருந்தது. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உடனே நுழைவின் வலுவைக் குறைத்தோம். மற்ற நான்கு பாட்டுகளுக்கும் சிவப்பு விளக்கு எரியவில்லை. காதில் கேட்பானை ஒரு முறை வைத்துப் பார்த்தோம். குரல் எங்கோ தலைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் விநோதமாக இருந்தது. மண்டபத்து இரைச்சல் காரணமாக இருக்கும் என்று அதைப் பொருட்படுத்தாது விட்டோம்.

மார்கழியில் பாட்டியார் காலமானார். பதின்மூன்று நாள் கழிந்தபின், வெளியூரிலிருக்கும் அவருடைய பேத்தி, "மாமா, பாட்டி கடைசியாகப் பாடினது உங்களிடம் இருக்கிறதாமே, அனுப்புவீர்களா?" என்று கேட்டாள். அன்றிரவே அனுப்பினோம். மறுநாள் காலை அவளிடமிருந்து, "மாமா, இதில் ஒன்றுமே கேட்கவில்லையே" என்று செய்தி வந்தது. நம் கைப்பேசியில் ஓட்டிப் பார்த்தோம். சங்கைக் காதில் வைத்தாற்போல் ஒரு மெல்லிய இரைச்சல். அதற்குள் எங்கோ ஒரு மூச்சு. அவ்வளவே. அன்று அலுவலகத்தில் நாம் எழுதிய கடிதங்கள் எல்லாம் பிழையாயின.

நம் அலுவலகத்தில் தொலைத்தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற வங்காளிப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாம் 'தாதா' என்று அழைப்போம். மனம் பொறாமல் அவரிடம் பதிவை எடுத்துச் சென்றோம். அவர் அதைக் கணினியில் திறந்து, இரு காதிலும் கேட்பானை மாட்டிக்கொண்டு அரை நிமிடம் கேட்டார். பிறகு இடப்பக்க அலையையும் வலப்பக்க அலையையும் பெரிதாக்கிக் காட்டினார். இடப்பக்கம் மேடு இருக்கும் இடத்தில் வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் பள்ளம் இருக்கும் இடத்தில் வலப்பக்கம் மேடு. "அம்மாவின் குரல் தொலையவில்லை, அது தனக்குத்தானே எதிரே நிற்கிறது" என்றார் வங்காளியில். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் இரு பக்கங்களையும் பிரித்தார். வலப்பக்கத்தை மட்டும் தலைகீழாகத் திருப்பினார். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார். ஒற்றை ஒலிபெருக்கியில் பாட்டியாரின் குரல், மண்டபத்தில் கேட்டதைக் காட்டிலும் தெளிவாக எழுந்தது.

நான்கு பாட்டுகள் இவ்வாறு மீண்டன. தாலாட்டு மீளவில்லை. அதிலும் குரல் வந்தது. ஆனால் அது உயரும் இடமெல்லாம் கிழிந்து, கரகரத்து, சொல் விளங்காமற் போயிருந்தது. "இதை மட்டும் நான் ஒன்றும் செய்வதற்கில்லை" என்று தாதா கையை விரித்துவிட்டார்.

நம் பிழை இரண்டு. ஒன்று மீளக்கூடியது, மற்றொன்று மீளாதது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே: துளையின் வடிவத்தைப் பார்த்துக் கேபிளைத் தேர்ந்தோம். பெண்ணும் பிள்ளையும் ஒரே உயரம் என்பதற்காக எவரும் திருமணம் முடித்துவிடுவதில்லை. பொருந்துவதெல்லாம் பொருத்தமன்று. கேபிள் வாங்குமுன் மிக்ஸரைப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்கவேண்டும்: உன் ஒலி எவ்வளவு வலுவுடையது? அது எத்தனை கம்பியில் வருகிறது? உன் எர்த் எங்கே இருக்கிறது? இவற்றுக்கு விடை தெரிந்தால், எந்தக் கேபிள் என்பது தானே விளங்கும்.

இக்கேள்விகள் தோன்றிய வரலாற்றில் நம் நகருக்கும் ஓர் இடம் உண்டு. 1902 நவம்பரில், கிராமபோன் கம்பெனியின் சார்பில் ஃபிரெட் கைஸ்பர்க் என்பவர் இங்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அக்காலத்தில் பாடுவோர் ஒரு கூம்புக் குழலின் வாயில் முகத்தை நெருக்கி உரக்கப் பாடவேண்டும். குரலின் வேகமே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். மின்சாரமில்லை, ஆதலின் கம்பியும் இல்லை. 1925இல் மின்முறைப் பதிவு வணிகத்திற்கு வந்த பின்னரே, பாடகரின் வாய்க்கும் பதிவுக்கும் இடையே கம்பி நுழைந்தது. 1928இல் டம்டம்மில் எழுந்த கிராமபோன் தொழிற்சாலை அந்தக் காலத்திற்குரியது. அன்றுமுதல் குரல் எவ்வளவு இனியதாயினும், அது கம்பியின் தயவிலேயே நம்மை வந்தடைகிறது.

இனி முதற்கேள்வி: வலு. மைக்கிலிருந்து புறப்படும் மின்னலை மிகச் சிறியது. ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்குகளே. மிக்ஸர் அதைப் பன்மடங்கு பெருக்கித் தன் முதன்மை வெளியீட்டில் ஏறக்குறைய 1.23 வோல்ட் அளவில் தருவது தொழில்முறைக் கருவிகளின் வழக்கம். வீட்டுக் கருவிகளுக்கு வழக்கமான அளவு ஏறக்குறைய 0.316 வோல்ட், அதாவது முன்னதில் நான்கில் ஒரு பங்கு. இவ்விரண்டையும் 'லைன்' என்றே கடைக்காரர் சொல்வார். நம் பதிவுக்கருவியின் நுழைவு அன்று 'மைக்' என்ற நிலையில் இருந்தது. துளி நீருக்காக ஏந்திய கையில் குடத்தைக் கவிழ்த்தாற்போல் ஆயிற்று.

அளவு மிஞ்சினால் என்ன நேரும் என்பதை எழுத்தர் மொழியிலேயே சொல்வோம். ஒரு படிவத்தில் தொகை எழுத நான்கு கட்டங்களே உள்ளன என்று வைத்துக்கொள்வோம். 12,340 வந்தாலும், 18,705 வந்தாலும், இரண்டையும் 9,999 என்றே எழுதி வைத்தால், பின்னர் எந்தத் தணிக்கையாளர் வந்தாலும் உண்மைத் தொகையை அப்படிவத்திலிருந்து கண்டுபிடிக்க முடியுமோ? சிவப்பு விளக்கு எரியும்போது நேர்வது அதுவே. அலையின் உச்சிகள் யாவும் ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டுவிடுகின்றன. வெட்டப்பட்டது எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே அதை மீட்பாரில்லை. இதனால் நாம் கற்ற விதி: நுழைவை 'லைன்' நிலையில் வைக்கவேண்டும். பாடுபவரின் மிக உரத்த குரலுக்கும் அளவுகோல் உச்சிக்கு 12 டெசிபல் கீழேயே நிற்கும்படி திருத்தவேண்டும். 24 பிட் வசதி உள்ள கருவியில் அதையே தெரிந்தெடுத்தால், இவ்வாறு தாழ்த்திப் பதிவதால் கேடொன்றும் இல்லை, பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

கைப்பேசியிலேயே பதிய விரும்புவோருக்கு ஒரு சொல். அதன் சிறு துளையில் மூன்று கறுப்பு வளையமுள்ள பின் செல்லும்; அங்கே அது எதிர்பார்ப்பது மைக்கின் வலுவையே. மிக்ஸரை நேராக அதில் செருகலாகாது. வலுவைக் குறைக்கும் சிறு இணைப்பை இடையில் வைக்கவேண்டும், அன்றேல் யு.எஸ்.பி. வழியாகச் சேரும் ஆடியோ இடைமுகப் பெட்டியைப் பயன்படுத்துவதே நன்று. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டிக்குச் செல்லும் கம்பியிலிருந்து எக்காரணங்கொண்டும் பதிவுக்கருவிக்கு இணைப்பு எடுக்கலாகாது. அங்கே பாய்வது பெட்டியை அதிரச் செய்யும் மின்சாரம், கருவி கருகிப்போகும்.

இரண்டாம் கேள்வி: கம்பி எத்தனை? இதை விளக்க ரயில்வேயைக் காட்டிலும் நல்ல ஆசான் இல்லை. பழைய தந்திக்கு ஒற்றைக் கம்பி போதும். மின்சாரம் நிலத்தின் வழியே திரும்பிவிடும். தொலைபேசியில் அது செல்லவில்லை. ஒற்றைக் கம்பி, அக்கம்பக்கத்துக் கம்பிகளின் இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது. அதனால் இரட்டைக் கம்பி வந்தது. அவ்விரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி இடும் முறைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் உரிமம் பெற்றார். தண்டவாளத்தை ஒட்டிய தொலைபேசிக் கம்பங்களில், குறித்த தூரத்திற்கொரு முறை இரு கம்பிகளும் இடம் மாறிச் செல்லும்படி கட்டியிருந்தார்கள். முறுக்குவதன் பயனும் இடம் மாற்றுவதன் பயனும் ஒன்றே: வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு கம்பிகளிலும் சமமாக விழவேண்டும். 1957இல் 25,000 வோல்ட் மாறுமின்சார முறையை இந்திய ரயில்வே ஏற்றது. நம் தென்கிழக்கு ரயில்வேயின் ராஜ்கர்ஸ்வான்–டோங்கோவாபோசிப் பகுதி, அம்முறையில் முதன்முதல் மின்மயமானவற்றுள் ஒன்று. அத்தகைய வழிகளில் கம்பத்துக் கம்பிகளும் தாங்காமற்போக, உறையிட்ட கேபிள்களை நிலத்தடியில் புதைத்தார்கள்.

மிக்ஸரின் இரட்டைக் கம்பி முறையும் இதுவே. கடைக்காரர் இதை 'பாலன்ஸ்டு' என்பார். கேபிளின் உள்ளே முறுக்கிய இரு கம்பிகள். அவற்றைச் சுற்றிச் செம்பு வலையுறை. ஒரு கம்பியில் குரல் நேராகச் செல்லும்; மற்றதில் அதே குரல் தலைகீழாகச் செல்லும். வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே விதமாகச் சேரும். சேருமிடத்துக் கருவி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். கழிக்கும்போது சமமாகச் சேர்ந்த இரைச்சல் நீங்கும். எதிரெதிராக வந்த குரலோ இரட்டிப்பாகும். ஒற்றைக் கம்பி முறையில், அதாவது 'அன்பாலன்ஸ்டு' முறையில், குரலுக்கு ஒரு கம்பியும், திரும்பும் வழியாக வலையுறையும் மட்டுமே உண்டு. இதற்கு அந்தக் காப்பு இல்லை. ஆதலின் ஒற்றைக் கம்பிக் கேபிளை ஐந்தாறு மீட்டருக்குள் அடக்கிக்கொள்வது நலம். இரட்டைக் கம்பிக் கேபிள் முப்பது மீட்டர் சென்றாலும் தளராது.

இப்போது நம் பிழை விளங்கும். மிக்ஸரின் பெரிய துளை இரட்டைக் கம்பித் துளை. அதற்குரிய பின்னில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும்: முனையில் நேர்க்குரல், நடு வளையத்தில் தலைகீழ்க் குரல், உடலில் எர்த். பதிவுக்கருவியின் சிறு பின்னிலும் அதே இரண்டு கறுப்பு வளையங்கள் உண்டு. ஆனால் அங்கே அவற்றின் பொருள் வேறு: முனை இடக்காது, நடு வளையம் வலக்காது. ஒரே சீருடையில் வந்த இருவரை ஒரே அலுவலர் என்று மயங்கினோம். நேர்க்குரல் இடப்பக்கத்திலும் தலைகீழ்க் குரல் வலப்பக்கத்திலும் தனித்தனியே பதிவாயின. ஒற்றை ஒலிபெருக்கி உடைய கைப்பேசி இரு பக்கத்தையும் கூட்டியது. பேரேட்டில் ஒரே தொகையை வரவிலும் செலவிலும் எழுதினால் மீதி என்ன வரும்? சுழியமே வந்தது. தாதா ஒரு பக்கத்தைத் திருப்பிச் சேர்த்தபோது, உண்மையில், சேருமிடத்துக் கருவி செய்யவேண்டியிருந்த கழித்தலைச் சில மாதங்கள் கழித்துச் செய்தார். குரல் முன்னினும் தெளிவாக வந்ததன் காரணமும் அதுவே; கேபிள் வழியில் சேர்ந்த இரைச்சல் அங்கே கழிந்தது.

ஆகவே எதை வாங்குவது? உங்கள் பதிவுக்கருவியில் மூன்று முள் உடைய எக்ஸ்.எல்.ஆர். நுழைவு இரண்டு இருந்தால், மிக்ஸரின் இட வெளியீட்டிலிருந்து ஒன்றும் வல வெளியீட்டிலிருந்து ஒன்றுமாக இரண்டு இரட்டைக் கம்பிக் கேபிள்கள் வாங்குக. அம்மூன்று முட்களில் முதலாவது எர்த், இரண்டாவது நேர்க்குரல், மூன்றாவது தலைகீழ்க் குரல். மைக்குக்கு 48 வோல்ட் ஊட்டும் 'பாண்டம்' பொத்தான் பதிவுக்கருவியில் இருந்தால், அதை அணைத்த பின்னரே செருகுக. அம்மின்சாரம் மிக்ஸரின் வெளியீட்டுக்குள் புகலாகாது.

உங்கள் கருவியில் சிறு துளை மட்டும் இருந்தால், மிக்ஸரில் 'டேப் அவுட்' அல்லது 'ரெக் அவுட்' என்று எழுதிய வட்ட வெளியீடுகள் இரண்டு உள்ளனவா என்று பாருங்கள். இவை ஆர்.சி.ஏ. எனப்படும், 1930களில் கிராமபோனை வானொலிப் பெட்டியோடு இணைக்க அப்பெயருடைய அமெரிக்க நிறுவனம் செய்தவை. இவை ஒற்றைக் கம்பி முறையைச் சேர்ந்தவை. பெரும்பாலும் வீட்டுக் கருவியின் வலுவையே உடையவை. ஒரு முனையில் இரு ஆர்.சி.ஏ. பின்னும் மறுமுனையில் ஒரு சிறு ஸ்டீரியோ பின்னும் உள்ள கேபிள் இதற்கு முற்றிலும் பொருத்தம். எந்தக் கடையிலும் கிடைக்கும். சென்ற ஆண்டு மிக்ஸரைத் திருப்பி இவ்விரு வட்டங்களைத் தேடியிருந்தால், இக்கட்டுரைக்கே இடமிராது.

அவ்வெளியீடும் இல்லை, இரட்டைக் கம்பித் துளை மட்டுமே உண்டு என்றால், நடுவே தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டியை வைப்பதே பாதுகாப்பான வழி. மூன்றாம் முள்ளை எர்த்தோடு சேர்ப்பதா, தனியே விடுவதா என்பது மிக்ஸருக்கு மிக்ஸர் மாறும். அதன் கையேட்டைப் பாராமல் எவர் சொல்லையும் கேட்டுப் பற்றவைக்க வேண்டா. இன்னொன்று: ஒரு வெளியீட்டை இரு கருவிகளுக்குப் பிரிக்கலாம், இரு வெளியீடுகளை ஒரு கவட்டுக் கேபிளால் ஒன்றாகக் கட்டலாகாது. ஒரு கிணற்றிலிருந்து இரு வாய்க்கால் வெட்டலாம். இரு பம்புகளை ஒரே குழாயில் எதிர்முகமாகப் பூட்டினால் ஒன்றையொன்று தள்ளும்.

மூன்றாம் கேள்வி: எர்த். பதிவில் 'ம்ம்ம்' என்று இடையறாத முழக்கம் வந்தால், அது பெரும்பாலும் நம் வீட்டு மின்சாரத்தின் 50 சுழற்சியே. மிக்ஸர் மண்டபத்தின் ஒரு மூலையிலுள்ள பிளக்கிலும், பதிவுக் கணினி மற்றொரு மூலையிலுள்ள பிளக்கிலும் செருகப்பட்டிருந்தால், இரண்டின் எர்த்தும் சுவரின் வழியே ஒரு முறையும் கேபிளின் வலையுறை வழியே ஒரு முறையும் சந்திக்கின்றன. இவ்வளையத்தில் சுற்றும் மின்சாரமே முழக்கமாகக் கேட்கிறது. எளிய மருந்து மூன்று. பதிவுக்கருவியைப் பேட்டரியில் ஓட்டுக. மடிக்கணினியாயின் சார்ஜரைக் கழற்றிவிடுக. இயலாவிடில் இரண்டையும் ஒரே பிளக் பலகையில் செருகுக. அதுவும் போதாவிடில் மேற்சொன்ன டிரான்ஸ்பார்மர் பெட்டியை நடுவே வைக்க.

சிலர் முழக்கத்தைப் போக்குவதற்காகப் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிடுகிறார்கள். இதைச் செய்யவே கூடாது. அம்முள் ஒலிக்காக வைத்ததன்று, உயிருக்காக வைத்தது. கருவிக்குள் கம்பி பழுதானால், பாய்ந்த மின்சாரம் அதன் வழியே நிலத்திற்குச் செல்லும். அம்முள் இல்லையேல் மைக்கைப் பிடித்திருப்பவரின் கை வழியே செல்லும். மழை ஓயாத புரட்டாசியில், ஈரத் தரையுள்ள பந்தலில், இது வெறும் எச்சரிக்கையன்று.

எந்த வெளியீட்டிலிருந்து எடுப்பது என்பதிலும் கருத்து வேண்டும். முதன்மை வெளியீட்டில் வருவது மண்டபத்தின் தேவை. பதிவின் தேவை வேறு. நம் சிறு மண்டபத்தில் மிருதங்கம் தானே உரக்கக் கேட்கும். ஆகவே ஒலிபெருக்கிக்காரர் அதை மிக்ஸரில் மிகக் குறைத்தே வைப்பார். மிக்ஸரிலிருந்து பதிந்தால் பாட்டு முழுதும் இருக்கும், மிருதங்கம் அடுத்த தெருவில் வாசிப்பதுபோல் இருக்கும். தவிர, 'கூ' என்று ஒலிபெருக்கி கூவும்போது அவர் முதன்மைப் பிடியை இறக்கினால் பதிவும் உடன் இறங்கலாம். மிக்ஸரில் 'ஆக்ஸ்' என்னும் துணை வெளியீடு இருந்தால், அதில் பதிவுக்கென்றே தனி அளவில் குரலையும் வாத்தியத்தையும் கலந்து தரும்படி அவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளலாம். மாலை நாலு மணிக்கு ஒரு தேநீருடன் "தாதா" என்று அழைத்துக் கேட்டால் மறுப்பவரை நாம் கண்டதில்லை; கச்சேரி தொடங்கிய பின் கேட்டால் இசைபவரையும் கண்டதில்லை.

சாந்தினிக்குப் போகும்போது நினைவிற் கொள்ளவேண்டியவை சில. பருமனான கேபிள் எல்லாம் நல்லதன்று. ரப்பர் உறையே பருமனாக இருக்கலாம். பின்னின் மூடியைத் திருகிப் பாருங்கள்: பற்றவைப்பு பளபளப்பாக இருக்கிறதா, வலையுறை அடர்த்தியாகப் பின்னப்பட்டிருக்கிறதா, கேபிளைக் கவ்விப் பிடிக்கும் பிடிப்பு உண்டா என்று காணுங்கள். அப்படித் திறக்கவொட்டாத வார்ப்புப் பின்னாயின், கடையிலேயே இணைத்து, பின்னின் கழுத்தை மெல்ல வளைத்து, கரகரப்பு எழுகிறதா என்று கேளுங்கள். பொன்முலாம் துருவைத் தடுக்கும், குரலை இனிமையாக்காது. மண்டபத்தில் விரிக்கும்போது, மின்சாரக் கேபிளோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். கடந்தே ஆகவேண்டுமாயின் குறுக்காகக் கடந்து செல்லுங்கள். சுருட்டும்போது முழங்கையில் முறுக்கிச் சுற்றாமல், வட்டமாகத் தளரச் சுற்றி, சீட்டு ஒட்டி வையுங்கள். சீட்டில் 'ஸ்டீரியோ' என்றோ 'இரட்டைக் கம்பி' என்றோ எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு வருபவர் நம்மைப்போல் மயங்கமாட்டார்.

இவ்வளவும் செய்த பின்னும், கண்ணை நம்பாதீர்கள். திரையில் கோடு ஆடுவது ஒலி வருகிறது என்பதற்குச் சான்று; சரியாக வருகிறது என்பதற்குச் சான்றன்று. மண்டபம் நிறைவதற்கு முன் எவரையேனும் ஒரு நிமிடம் உரக்கப் பாடச் செய்து பதியுங்கள். அதை இரு காதிலும் கேட்பான் வைத்து ஒரு முறை, ஒற்றை ஒலிபெருக்கியில் ஒரு முறை, கேளுங்கள். இரண்டிலும் குரல் நடுவில் திடமாக நிற்குமாயின் அச்சமில்லை. பாடாமல் நிறுத்திய இடத்தில் முழக்கம் உண்டா என்றும் கேளுங்கள். மேடை ஓரத்தில் ஒரு கைப்பேசியைத் தனியே பதிய விட்டுவைப்பதும் நன்று. அன்று அப்படி ஒன்று இருந்திருந்தால், தாலாட்டு மங்கலாகவேனும் முழுதாய்க் கிடைத்திருக்கும்.

நம் இல்லங்களில் பாடத் தெரிந்த மூத்தோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் மேடையேறும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டா. மிக்ஸரும் வேண்டா, கேபிளும் வேண்டா. ஒரு பிற்பகலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மடித்த துண்டின்மேல் கைப்பேசியை வைத்து, ஒரு முழத் தொலைவில் அவர்களை அமர்த்திப் பாடச் சொல்லுங்கள். பாட்டோடு, யாரிடம் கற்றார்கள், எந்த ஊரில் கேட்டார்கள் என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள்.

மீண்ட நான்கு பாட்டுகளையும் பேத்தி கற்றுக்கொண்டுவிட்டாள். தாலாட்டையும் விடவில்லை. கிழிந்த பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அன்று முன்வரிசையில் அமர்ந்திருந்த மாமிகள் இருவரின் நினைவையும் துணைக்கொண்டு, சொற்களை ஒவ்வொன்றாக எழுதி வருகிறாள். ஒரே ஓர் அடி மட்டும் இன்னும் விளங்கவில்லை. மாமன் கொண்டுவந்த சீரை ஒவ்வொன்றாகச் சொல்லி வருமிடத்தில், வெள்ளிக் கிண்ணத்திற்கு அடுத்து வரும் அடி அது. குரல் மிக உயர்ந்த இடமும் அதுவே. குடவாசல் பக்கத்தவர் எவரேனும் நம் வாசகரிடையே இருந்து, தம் வீட்டுப் பெரியோர் பாட அத்தகைய தாலாட்டைக் கேட்டிருந்தால், அவ்வடியை எழுதிச் சங்கத்திற்கு அனுப்புமாறு வேண்டுகிறோம்.